ஒற்றனுக்கு வயது பதினான்கு

கல்குளம் வட்டத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தைச் சில நண்பர்களோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். பேசும் விலங்குகளின் கதைகளையும் ராஜா ராணிக் கதைகளையும் இந்தப் பிள்ளைகள் பத்து வயதிலேயே தாண்டிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கென எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பன்னிரண்டிலிருந்து பதினாறு வரையிலான அந்தப் பசி மிகுந்த வயதில், தமிழிலேயே எழுதப்பட்ட ஒரு நல்ல உளவுச் சாகசக் கதை வேண்டும் என்று யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க எங்கள் அலமாரியில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க முடியும் என்றும், அதற்கு வேண்டிய சரக்கு நம் குமரி மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது என்றும் நான் உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இவ்வகை எழுத்து தனித் துறையாகவே வளர்ந்து நிற்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஆண்டனி ஹோரோவிட்ஸ் எழுதிய ‘ஸ்டார்ம்பிரேக்கர்’ வெளிவந்தது. தாய் தந்தையரை இழந்து, தந்தையின் உடன்பிறந்தவரிடம் வளரும் பதினான்கு வயதுச் சிறுவன், அவர் இறந்த பிறகுதான் அவர் வங்கி அலுவலர் அல்லர், பிரிட்டனின் உளவாளி என்பதை அறிகிறான். அவர் முடிக்காமல் விட்ட வேலையை உளவுத்துறை அவன் தலையில் கட்டுகிறது. துப்பாக்கி கொடுக்க மறுத்துவிடுகிறார்கள். அவன் பையில் இருப்பவை ஒரு யோயோ, முகப்பருவுக்குத் தடவும் களிம்பு, கையடக்க விளையாட்டுக் கருவி ஆகியவையே. யோயோவின் நூல் ஆளையே தாங்கும். களிம்பு உலோகத்தை அரிக்கும். படித்தவர்கள் இந்த வித்தைகளைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவன் கையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த வயதுப் பையனின் சட்டைப்பையில் இருக்கக்கூடியதாகவே இருந்தாக வேண்டும் என்று ஆசிரியர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. 2004-இல் ராபர்ட் முச்சமோர் தொடங்கிய ‘செரப்’ வரிசை கருவிகளை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, ஆதரவற்ற பிள்ளைகளைப் பயிற்றுவித்து அனுப்பும் ஓர் அமைப்பை மையமாக வைத்தது. பிள்ளைகளைப் பெரியவர்கள் சந்தேகிப்பதில்லை என்ற ஒற்றை உண்மையே இரண்டு வரிசைகளுக்கும் அடித்தளம்.

இந்த உண்மையை நாம் ஆங்கிலத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்றே ஓர் அதிகாரம், 59-ஆவது அதிகாரம், இருக்கிறது. முக்கடல் சங்கமத்தில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரைப் பார்த்துப் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அறத்துப்பாலில் சில குறள்கள் மனப்பாடமாகத் தெரியும். ஒற்றனைப் பற்றி அவர் பத்துக் குறள்கள் எழுதியிருக்கிறார் என்று சொன்னபோது பலர் நம்ப மறுத்தார்கள். அவற்றுள் ஒன்று இது:

கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.

பார்ப்பவருக்கு ஐயம் தோன்றாத உருவம், உற்றுப் பார்ப்பவரின் கண்ணுக்கு அஞ்சாத துணிவு, அறிந்ததை எங்கும் வெளியிடாத உறுதி ஆகிய மூன்றும் உடையவரே ஒற்றர் என்கிறார் வள்ளுவர். முதலாவது தகுதி பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் மாலை நான்கரை மணிக்குப் புத்தகப் பையோடு நிற்கும் ஒரு சிறுமியை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? அவள் அருகில் நிற்பவர்கள் நிலத் தகராறையும் கடன் விவகாரத்தையும் குரலைத் தாழ்த்தாமலேயே பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது தகுதியையும் மூன்றாவது தகுதியையும் அவள் கதையின் போக்கில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சம்பாதிப்பதுதான் இந்த வகைக் கதையின் முதுகெலும்பு என்பது என் கருத்து. பெரியவர்களுக்கான உளவுக் கதையில் நாயகன் முதல் பக்கத்திலேயே எல்லாம் கற்றுத் தேர்ந்தவனாக வந்து நிற்கலாம். இளையோர் கதையில் அவன் நம் கண்ணெதிரில் கற்க வேண்டும்.

கற்பதற்கு வழியும் உண்டு. கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட ‘கிம்’ நாவலில், உளவுப் பணிக்குத் தயாராகும் சிறுவனுக்கு ஒரு தட்டில் மணிக்கற்களைப் பரப்பிக் காட்டி, மூடிவிட்டு, கண்டதைச் சொல்லச் செய்யும் பயிற்சி வருகிறது. பேடன் பவல் 1908-இல் சாரணர்களுக்காக எழுதிய நூலில் அதை எடுத்துக்கொண்டதால் இன்றும் உலகெங்கும் சாரணர் முகாம்களில் அதை விளையாடுகிறார்கள். எங்கள் வட்டத்திலும் விளையாடிப் பார்த்தோம். தூண்டில் முள், புன்னைக்காய், ரப்பர் பால் வடியும் சிரட்டை, அதைத் தாங்கும் கம்பி, கசங்கிய பேருந்துச் சீட்டு, ஒரு சாவி, ஒரு சிறு பொட்டலம் கருமணல் என்று வீட்டில் கிடைத்தவற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, துண்டால் மூடினேன். எல்லோரும் பட்டியலை ஒப்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், பட்டியலில் இரண்டு பொருள்களை விட்டுவிட்டாலும், சீட்டு கேரளப் பேருந்தினுடையது என்றும், சிரட்டைக்குள் காய்ந்த பால் ஒட்டியிருந்தாலும் கம்பி முழுவதும் துருப்பிடித்திருப்பதால் அது இந்தப் பருவத்தில் மரத்தில் தொங்கியதாக இருக்க முடியாது என்றும் சொன்னாள். அவளுடைய தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. எண்ணிக்கையில் முந்தியவர்களைக் காட்டிலும் அவள் சொன்ன அந்த இரண்டு செய்திகளில்தான் ஒரு கதையே அடங்கியிருந்தது.

தமிழில் உளவுக் கதைகளுக்கு வரலாறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவியின் இரும்புக் கையோடுதான் வந்தது. என் தலைமுறையில் நாகர்கோவில் பழைய புத்தகக் கடைகளில் அந்த இதழ்களைத் தேடி அலையாத பையன்கள் குறைவு. அந்த மொழிபெயர்ப்புகளுக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் அவற்றின் நாயகர்கள் அனைவரும் வளர்ந்த மனிதர்கள். நாங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். பிறகு தமிழில் சிறுவர்களை நாயகர்களாக்கி எழுதப்பட்டவற்றிலும் பெரும்பாலும் புதையலும் பாழடைந்த பங்களாவும்தான் வந்தன. ஊர் எது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதையில் உளவுக்கு வேலை இல்லை, ஏனென்றால் உளவு என்பது ஓர் இடத்தில் வழக்கமாக எது நடக்கும் என்பதை அறிந்திருந்து, வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டுகொள்வது. இடத்தை அறியாமல் அது நடவாது.

இங்கேதான் குமரி மாவட்டம் எனக்குப் பெரும் களஞ்சியமாகத் தெரிகிறது. முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் கரும்பட்டையும் செம்பட்டையும் மாறி மாறித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றோடு கலந்து கிடக்கும் மஞ்சள் பழுப்பு மணிகள் மோனசைட். அன்றைய திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்கு, அதாவது சுடரில் ஒளிரும் வலைக்கு, வேண்டிய தோரியம் அந்த மணிகளில் இருந்ததால் அன்று அதற்குப் பெரும் கிராக்கி. அவர் இங்கே வந்து, மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலையை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கயிற்றில் ஒட்டிய மணலைப் பின்தொடர்ந்து ஒரு மனிதர் கடல் கடந்து வந்த கதையும், அவர் உளவாளி என்று பிடிக்கப்பட்ட கதையும் நம் ஊரில், நம் காலடி மண்ணில் நடந்திருக்கின்றன. பின்னாளில் தோரியம் அணு ஆற்றலோடு தொடர்புடையது என்பதால் மோனசைட் உரிமமின்றிக் கையாளக் கூடாத பொருளாயிற்று; இந்த மணலை எடுப்பது பற்றிய விவாதம் கடலோர ஊர்களில் இன்றும் ஓயவில்லை. இதைவிட வலுவான கருவை எந்த நாவலாசிரியரும் கற்பனையில் உருவாக்க வேண்டியதில்லை.

அதே போர்க்காலத்தில் நாஞ்சில் நாட்டுப் பூர்வீகமுடைய செண்பகராமன் பிள்ளை பெர்லினில் இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். 1891-இல் பிறந்த அவர் ஊரை விட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது பதின்ம வயதைக் கடந்திருக்கவில்லை. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கு நீட்டவில்லை.

அடுத்து, கடல். தமிழ்நாட்டில் இரு கரைகளின் மீன்பிடித் தடைக்காலமும் நடைமுறையில் உள்ள மாவட்டம் நம்முடையது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் அப்போது கடலுக்குப் போகா. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்கள் அதற்குள் வருகின்றன. ஆகவே ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரு கரைகளின் விசைப்படகுகளும் கட்டிப் போடப்பட்டிருக்கும். வள்ளங்களும் கட்டுமரங்களும் மட்டுமே போய்வரும். குளச்சலில் பிறந்த பதினான்கு வயதுப் பையனுக்கு வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சின் சத்தத்துக்கும் விசைப்படகின் எஞ்சின் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளி திறந்திருக்கும் அந்த ஜூன் முதல் வாரத்தில், விடிவதற்கு முன் கரையில் ஒதுங்கப் போன அவன் காதில் தொலைவிலிருந்து விசைப்படகின் ஓசை விழுகிறது. அதிகாரிகளுக்கு அட்டவணையில் தெரிய வேண்டியதை அவன் காது சொல்லிவிடுகிறது. கதை அந்த ஓசையில் தொடங்கிவிட்டது.

அவன் அந்தப் படகு நின்ற இடத்தை எப்படிக் குறித்துக்கொள்வான்? அதற்கும் நம் கடலோர மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த முறை இருக்கிறது. கடலுக்கு அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும் இடங்களை அவர்கள் கரையிலுள்ள அடையாளங்களைக் கொண்டே நினைவில் வைக்கிறார்கள். மாதா கோயில் கோபுரமும் அதன் பின்னாலுள்ள மலையுச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி வள்ளத்தை நிறுத்தினால் ஒரு கோடு கிடைக்கிறது. வேறொரு திசையில் கலங்கரை விளக்கமும் இன்னொரு குன்றும் அதேபோல் ஒன்றிவரும்போது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்தப் பார். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இவ்வளவு நெருக்கமாக வருவதால்தான் இது இங்கே இத்தனை கூர்மையாக வாய்க்கிறது. பாட்டாவோடு வள்ளத்தில் போய்ப் பழகிய பையன், செல்பேசி இல்லாமல், காகிதத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல், கடலில் ஓர் இடத்தை மனத்தில் பூட்டி வைத்துக்கொள்ள முடியும். அவனைப் பிடித்துப் பையைச் சோதித்தாலும் எதுவும் கிடைக்காது. யோயோவும் களிம்பும் இதற்கு ஈடாகுமா?

மலைப்பக்கம் வந்தால் குலசேகரத்தைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போவார்கள். இருட்டில் மரங்களுக்கிடையே விளக்குகள் நகர்வது அங்கே அன்றாடக் காட்சி. ஆனால் மழை பெய்து மரம் நனைந்திருந்தால், வெட்டிய வாய்க்கு மேல் மழைத் தடுப்புப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் பால் வெட்ட மாட்டார்கள். பால் கோட்டில் நில்லாமல் வழிந்து வீணாகிவிடும். அப்படிப்பட்ட தோட்டத்தில், இரவெல்லாம் மழை கொட்டிய விடியலில் விளக்கு நகர்ந்தால் அது பால்வெட்டு விளக்கு அல்ல. துருப்பிடித்த கம்பியைக் கவனித்த அந்த மாணவியிடமிருந்துதான் இதைக் கற்றேன்.

பத்மநாபபுரம் அரண்மனையையும் அங்கிருந்து செல்வதாகச் சொல்லப்படும் சுரங்கப்பாதையையும் கதையில் வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். சுரங்கப்பாதை கிடைத்தவுடன் ஆசிரியரும் வாசகரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மீண்டும் வள்ளுவரிடம் வருகிறேன், ஏனென்றால் கதையின் கட்டமைப்பையே அவர் வகுத்துக் கொடுத்திருக்கிறார். ‘ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்’ என்பது 589-ஆவது குறள். ஓர் ஒற்றரை இன்னோர் ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும். அப்படி மூவர் தனித்தனியே கொண்டுவந்த செய்தி ஒத்திருந்தால் அதை நம்பலாம். இதை அப்படியே ஒரு நாவலாக விரித்துப் பாருங்கள். குளச்சலில் ஒரு பையன், குலசேகரத்தில் ஒரு பெண், களியக்காவிளையில் மாலை நேரத்தில் பெரியப்பாவின் கடையில் உட்கார்ந்து எல்லையைக் கடக்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு பையன். மூவரும் ஒருவரையொருவர் அறியார். ஒவ்வொருவரும் தாம் மட்டுமே இதைக் கவனிப்பதாக எண்ணித் தனிமையில் தவிக்கிறார்கள். மூவரையும் அறிந்தவர் வாசகர் மட்டுமே. எஞ்சின் ஓசை, விளக்கு, ஒரே லாரி மீண்டும் மீண்டும் வெறுமையாகத் திரும்புவது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் அத்தியாயத்தை நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கடந்த பல மாதங்களாக என் மாலைப் பொழுதுகள் இதில்தான் கழிகின்றன.

எழுதும்போது இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என எல்லோரும் தோளோடு தோள் உரச வாழும் மாவட்டம் இது. சில காலங்களில் அந்த உரசல் தீப்பிடித்ததும் உண்டு. உளவுக் கதைக்கு எதிரி ஒருவர் வேண்டும். அந்த எதிரியை ஒரு மதத்தின் முகமாகவோ எல்லைக்கு அப்பாலுள்ளவர் என்பதற்காகவோ வரைந்தால், பதிமூன்று வயதுப் பிள்ளை அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். என் கதையின் எதிரிக்குப் பணத்தாசை இருக்கிறது, அந்த ஊரிலேயே நல்ல பெயரும் இருக்கிறது, அது போதும்.

மற்றொன்று, பிள்ளைகளை வேலை வாங்கும் பெரியவர்களின் பொறுப்பு. இது வெறும் கற்பனைப் பிரச்சினை அன்று. பிரிட்டனில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் காவல்துறை தகவலாளிகளாகப் பயன்படுத்துவதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கே நடந்து, அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் அனுமதித்தாலும், ஒரு பிள்ளையை ஆபத்துக்குள் அனுப்பும் பெரியவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைக் கதை மறக்கக் கூடாது. 2017-இல் ஒக்கிப் புயலில் தந்தையரையும் அண்ணன்மாரையும் இழந்த ஊர்களின் பிள்ளைகள் என் வாசகர்கள். கடலில் ஆபத்து என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை; அதை விளையாட்டாக எழுத எனக்கு உரிமையும் இல்லை.

முதல் இரண்டு அத்தியாயங்களை வட்டத்தில் வாசித்தபோது எழுந்த கேள்வியும் இதை ஒட்டியதே. பையன் மூன்று நாட்களாக விடியலுக்கு முன் வீட்டை விட்டு வெளியேறுவதாக எழுதியிருந்தேன். ‘சார், அவனுக்க அம்மைக்குத் தெரியாம இது எப்பிடி நடக்கும்? காலத்தே எந்திரிச்சா முதல்ல பிள்ளைய தானே பாப்பா?’ என்று ஒரு மாணவன் கேட்டான். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலக் கதைகளில் நாயகன் பெரும்பாலும் அநாதையாக இருப்பதன் காரணம் அப்போது எல்லோருக்கும் விளங்கியது: கேட்க ஆளில்லாவிட்டால் கதை எளிதாக ஓடும். குளச்சலில் அம்மை இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், அடுத்த வீட்டு மாமி இருக்கிறாள். அவர்களை அகற்றிவிட்டு எழுத நான் விரும்பவில்லை. ஆகவே அம்மைக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிடுகிறது என்று மாற்றினேன். அவள் மகனைத் தடுக்கவில்லை. மீன் ஏலம் போகும் இடத்தில் தனக்குத் தெரிந்த பெண்களிடம் விசாரிக்கத் தொடங்குகிறாள். வள்ளுவர் சொன்ன மூவருள் ஒருவராக அவளே ஆகிவிடுவாளோ என்ற எண்ணம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. அப்படியானால் களியக்காவிளைப் பையனின் பங்கைக் குறைக்க வேண்டியிருக்கும்.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் திரும்பாதபோது வீட்டாருக்குச் செய்தி எந்த வழியாக வருகிறது, அதை முதலில் யார் கேட்கிறார்கள், யார் மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை நேரில் அறிந்தவர்கள் எழுதினால் ஆறாவது அத்தியாயத்தைச் சரியாக எழுதிவிடலாம். அதை அனுமானத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை.